சியாமக் சொன்ன ‘வேண்டாம்’

“உன் பாக்கியமே பாக்கியம், மஹ்ரோக்! அந்த மனுஷன் ஏதோ மரியாதைக்கு ‘வேண்டாம்’னு சொல்ல, இந்த ஜெர்மன்காரர் அதை நிஜம்னு எடுத்துக்கிட்டாரே!”

டிக்கெட் கவுண்டர் தாஹேரே சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் தளும்பியது.

ஜெர்மன்காரர் என்று அவள் சொன்னது புது இயக்குநர் கியானூஷை. பிறந்தது பக்கத்து ஊர் ஷிராஸில்தான். சின்ன வயதிலேயே ஹாம்பர்க் போய், இப்போதுதான் திரும்பியிருக்கிறார். பழைய ராஜாக்களின் அரண்மனை இடிபாடான தக்தே ஜம்ஷீதுக்கு ஒரு தலைமை வழிகாட்டி வேண்டும், அதுவும் நவ்ரோஸ் புத்தாண்டுக் கூட்டம் வந்து குவிவதற்குள். முதலில் அவர் கூப்பிட்டது சியாமக்கைத்தான்.

“‘ஐயையோ, எனக்கென்ன தகுதி? மஹ்ரோக் கானும், அந்தம்மா இருக்கும்போது நானா?’ன்னு சியாமக் தாரோஃப் பண்ணியிருக்கார். இவரோ, ‘அப்படியா, சரி, அவங்களுக்கே கொடுத்துடறேன்’னுட்டார்!”

தாரோஃப் என்கிற இந்த மரியாதை மறுப்பு இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடக்காது. டாக்ஸிக்காரர்கூட, ‘காசெல்லாம் எதுக்கு, நமக்குள்ள என்ன’ என்பார். அதை நம்பி இறங்கி நடந்தால், அடுத்த தெருவரை துரத்திக்கொண்டு வருவார்.

“தவளை தன் வாயால கெடும்,” என்றாள் மஹ்ரோக். வயிறு குளிர்ந்துவிட்டது அவளுக்கு.

எத்தனை நாள் எரிச்சல்! கல்லில் வெட்டியிருக்கும் பழைய எழுத்தையே படிக்கத் தெரிந்தவள் அவள். கிழக்குப் படிக்கட்டுச் சிற்பத்தில் ராஜாவுக்குக் காணிக்கை கொண்டு வருகிறவர்களில் யார் எந்த நாடு, யார் கையில் ஏன் ஆட்டுக்கடா என்று அவள் விளக்கினால், கூட்டம் கொட்டாவி விடும்.

அதே சிற்பத்தின் முன்னால் வந்து நிற்பான் சியாமக். “இவர் மாமியார் வீட்டுக்கு முதல் தடவையா போற மாப்பிள்ளை. முகத்தைப் பாருங்க, பாவம்!” என்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். போகும்போது எல்லாரும் அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தை எடுத்துக் கொடுக்க அவளைக் கூப்பிடுவார்கள்.

இனி அதெல்லாம் நடக்காது. இனி அவள்தான் தலைமை.

ஆனால் அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை.

வாசலில் ஃபாலூதே ஐஸ் விற்கிறவர் பஸ் டிரைவரிடம் புலம்பிக்கொண்டிருந்தார். “கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே நம்ம சியாமக்குக்கு! எவ்வளவு பண்பான மனுஷன்! அந்தப் பண்பே அவருக்கு வினையாப் போச்சு.” அவளைப் பார்த்ததும், “வாழ்த்துகள், கானும். அதிர்ஷ்டம்னா உங்களுக்குத்தான்,” என்றார்.

அதிர்ஷ்டமாம்!

சியாமக் வேறு அந்த வழியாக வந்தான். கையை நெஞ்சில் வைத்து, “வாழ்த்துகள், கானும். என்ன செய்ய, எனக்கு என் நாக்குதான் சத்துரு!” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிச் சிரித்தான். நாலு பேர் ஓடி வந்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

மஹ்ரோக் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: “அடடா, பாவம் சியாமக்!”

போனை அணைத்தாள். பற்றிக்கொண்டு வந்தது. தோற்றாலும் அவனைத்தானே கொண்டாடுகிறார்கள்! பதவி என்னவோ அவளுக்கு, பேர் மட்டும் அவனுக்கா?

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

“எனக்கு இந்தப் பதவி வேண்டாம்.”

கியானூஷ் நிமிர்ந்து பார்த்தார். “உட்காருங்க, கானும். தாரோஃபா?”

“இல்ல! நிஜமாவே வேண்டாம். உங்களுக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியல. சியாமக் மரியாதைக்குத்தான் மறுத்தார். இன்னொரு தடவை கூப்பிட்டு, கொஞ்சம் வற்புறுத்திக் கேளுங்க. பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கிப்பார். அவர் கீழ போட்டதைப் பொறுக்கிக்கிட்டவள்ங்கிற பேர் எனக்கு வேண்டாம்.”

கியானூஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஹாம்பர்க் போனேன், சரி. கூடவே எங்கம்மாவும் வந்தாங்களே! வந்தவங்க ‘போதும் போதும்’னு கதறக் கதறத் தட்டுல சோத்தை வைக்கிறவங்க அவங்க. எனக்கா தாரோஃப் தெரியாது?”

“அப்போ எதுக்கு அவர் சொன்ன உடனே...”

“யார் சொன்னா உடனேன்னு? விடாம கேட்டேன். கெஞ்சினேன். கடைசியில, ‘உங்க பொண்ணு மேல சத்தியமா சொல்லுங்க, இது தாரோஃப் இல்லதானே?’ன்னேன். சத்தியம் பண்ணிட்டார், கானும்.”

மஹ்ரோக்குக்கு நாற்காலியில் உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தாள்.

“‘என்கிட்ட வர்றவங்க சிரிச்சிட்டுப் போறாங்க. ஏதாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறது அந்தம்மாகிட்ட வர்றவங்கதான். பதவி அவங்களுக்குச் சேர வேண்டியது’ன்னார்.”

அவளால் நம்ப முடியவில்லை. நம்பப் பிடிக்கவும் இல்லை.

“பொய்! அப்படின்னா, மரியாதைக்கு மறுத்து ஏமாந்துட்டார்னு காலையிலேருந்து எல்லாரும் சிரிக்கிறாங்களே, அந்தக் கதையை யார் கிளப்பி விட்டது?”

கியானூஷ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவரேதான். ‘நானா விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா அந்தம்மா தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாங்க, ஐயா. நான் ஏமாந்துட்டேன்னு தெரிஞ்சா சந்தோஷமா வாங்கிப்பாங்க’ன்னார்.”