கறுப்புக் கோட்டில் ஒரு வெள்ளை

பிற்பகல் வெயில் திரைச்சீலையைத் தாண்டி ஸ்கேன் அறைக்குள் மெதுவாகக் கசிகிறது. சாரத்திலிருந்து விழுந்த பெயின்டரின் முதுகெலும்பு, நீருக்கடியில் உறங்கும் ஏணிபோல் கணினித் திரையில் மிதக்கிறது. ஓர் எலும்பு நசுங்கியிருக்கிறது. அதன் பின்னால் ஓடும் தசைநார் ஒரு கறுப்புக் கோடு. அது கிழிந்திருந்தால் முதுகைத் திறந்து கம்பி வைக்க வேண்டும். முழுதாக இருந்தால் பெல்ட்டோடு வீட்டுக்குப் போகலாம். பெயின்டரின் மனைவி கைப்பையை அணைத்தபடி வாசலில் நிற்கிறாள். மாநாட்டுக் கைதட்டலிலேயே வளர்ந்த பெரிய டாக்டர் திரைமேல் குனிகிறார். "கோட்டு நடுவுல வெள்ளையா மின்னுது பாருங்க. கிழிஞ்சாச்சு. எனக்கெல்லாம் ஒரு பார்வை போதும்." ஸ்கேன் டாக்டரம்மா படங்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிறார். எலும்புகள் மேகம்போல் உருமாறுகின்றன. வெள்ளை மட்டும் அசையவில்லை. "சார், கொஞ்சம் நிமிருங்களேன்." பெரிய டாக்டர் நிமிர்கிறார். வெள்ளையும் கூடவே எழுந்து திரையை விட்டுப் போகிறது. அவர் மார்பில் பித்தளை பேட்ஜ் வெயிலில் பளபளக்கிறது. கறுப்புக் கோடு எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்கிறார் பெரிய டாக்டர். "ஆபரேஷன் வேணாம்மா, பெல்ட் போதும்," என்கிறார் டாக்டரம்மா. மனைவி இருவரையும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, அந்தக் கோட்டை மேலிருந்து கீழ்வரை காற்றில் விரலால் தடவிக்கொண்டிருக்கிறாள்.