பத்துக் குப்பி

"முப்பது இருக்கணும். இருபதுதான் இருக்கு. மிச்சம் பத்து எங்கம்மா?"

பிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடியே கேட்டார் சுப்பராமன். மருந்து இருப்பைச் சரிபார்க்க மதுரையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி. எந்த அரசு மருந்தகத்தில் ஒரு மாத்திரை அட்டை குறைந்தாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்துவிடுவார்.

இங்கே குறைந்தது மாத்திரை அட்டை இல்லை. பாம்புக்கடிக்குப் போடும் ஊசி மருந்து.

பதில் சொல்ல வேண்டியவள் தாமரைச்செல்வி. சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் இருக்கும் அந்தச் சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர். பதினெட்டு வருஷ சர்வீஸ், ஒரு கெட்ட பேர் கிடையாது.

சுப்பராமன் நோயாளிகள் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு மாதமாகப் பாம்புக்கடி என்று ஒரு பெயர்கூட இல்லை. தனியார் ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்துக்கு என்ன விலை கொடுக்கவும் ஆள் உண்டு. அப்புறம் என்ன, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வித்துட்டீங்களா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். உடைஞ்சிருச்சா? அதுவும் இல்லை. பின்னே கால் முளைச்சு ஓடிருச்சா என்றார். ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறாளே என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அரசாங்கச் சொத்தும்மா இது. இன்னைக்கே உங்கள சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி எழுதிருவேன். படிக்கிற பிள்ளைங்க இருக்குல்ல வீட்டுல?"

"ரெண்டு இருக்கு சார்." என்றாள். "நீங்க எழுதுறத எழுதுங்க. ஆனா நான் விக்கல."

அவர் எழுதவே உட்கார்ந்துவிட்டார். நாலு வரி எழுதியிருப்பார். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒரு கவுளி வெற்றிலை. அக்கரையில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்க்கும் ரெங்கம்மாள். உள்ளே நடந்த பேச்செல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அய்யா, அந்தத் தாயிய வையாதீங்க. எம் புருஷன் உசுரு அது போட்ட பிச்சை."

தாமரைச்செல்வி கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. ரெங்கம்மாள் கேட்டால்தானே. போன மாதம் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் கட்டப் போன புருஷன் நல்லகாமனைப் பாம்பு கடித்துவிட்டது. அக்கரைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே பேருக்குக்கூட ஒரு குப்பி இல்லை. மதுரை போய்ச் சேரும்வரை தாங்காது என்று டாக்டர் கையைப் பிசைந்தார். நல்லகாமனுக்குக் கண் சொருகிவிட்டது.

அங்கிருந்து போன் வந்ததும், இருந்ததில் பத்துக் குப்பியை ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள் தாமரைச்செல்வி. பாலத்தைச் சுற்றினால் நேரமாகும் என்று, மத்தியான வெயிலில் ஆற்று மணலிலேயே ஓடியிருக்கிறாள். நல்லகாமன் இன்று எழுந்து நடமாடுகிறான்.

சுப்பராமனுக்கு மனசு இளகியது உண்மைதான். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. உத்தரவு இல்லாமல் ஒரு நிலையத்து மருந்தை இன்னொரு நிலையத்துக்குக் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டார்.

"அங்க மருந்தாளுநரா இருக்கிற முத்துக்குமரனுக்குத் தற்காலிக வேலை சார். உத்தரவு இல்லாம வாங்கினான்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்குன்னா ஒரு மெமோவோட போகும்னு நெனச்சேன்."

சுப்பராமன் பேனாவை மூடினார். கோபம் தணியவில்லை, ஆள்தான் மாறியது.

"கொடிக்காலுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, பாம்புக்கடிக்கு ஒரு குப்பி மருந்து வாங்கி வைக்கலைன்னா, அவன் மனுஷனாம்மா? ஒரு உயிர் போயிருந்தா யாரு பதில் சொல்றது? அவனை நான் விடப் போறதில்ல."

சொன்ன கையோடு ஜீப்பில் ஏறி அக்கரைக்குப் போனார்.

முத்துக்குமரனுக்கு முப்பது வயசு இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். மதுரை ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதுமே எழுந்து நின்றுவிட்டான். பேர் கேட்கக்கூட அவனுக்குத் தைரியம் இல்லை. நல்லகாமன் விஷயத்தைச் சொல்லி, ஏன் மருந்து வாங்கி வைக்கவில்லை என்று சுப்பராமன் அதட்டினார். கேட்டு எழுதினேன் சார் என்றான். வாயால் சொன்னால் ஆச்சா, காகிதத்தைக் காட்டு என்றார். அவன் அலமாரியில் தேடி, திரும்பி வந்திருந்த தேவைப் பட்டியலை எடுத்து அவர் முன்னால் விரித்தான்.

பாம்புக்கடி மருந்து, இருபது குப்பி. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'சென்ற ஆண்டு ஒரு நோயாளிகூட இல்லை. வீண் செலவு' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே பேர் இல்லாமல் ஒரு கையெழுத்து மட்டும்.

சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான். இப்படி நாற்பது ஊர்ப் பட்டியலில் கோடு போட்டுச் செலவை மிச்சம் பிடித்ததற்கு அவருக்குப் பாராட்டுக் கடிதமே வந்திருந்தது.

அவர் அதட்டலை விட்டுவிட்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும் முத்துக்குமரனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"கோடு போட்ட சார் யாருன்னு எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரிஞ்சா, ஆளு பொழச்சுக்கிட்டாருன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிருங்க. விஷயம் காதுக்குப் போயிருந்தா, பாவம், அவருக்குத் தூக்கமே வந்திருக்காது."