நீக்கிய நேரலை

கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியை இணையத்தில் ஒளிபரப்பும் உரிமை அருள்மொழியின் நிறுவனத்திடம் இருந்தது. பார்வையாளர்கள் செல்போனில் காட்டும் நேரலைகளைத் தேடி நீக்குவது அவள் வேலை. இறுதி ஓட்டத்தின்போதும் ஒன்றை நீக்கியிருந்தாள்.

அந்த ஓட்டத்தில் முதலில் வந்த ரோஸ்லினை, வளைவில் ஓடுதடக் கோட்டை மிதித்ததாகச் சொல்லி நடுவர்கள் தகுதி நீக்கம் செய்தார்கள். நிறுவனத்தின் கேமரா அந்த நேரம் மேடையில் இருந்த அமைச்சரைக் காட்டிக்கொண்டிருந்தது.

மைதான ஓரத்தில் கணினியோடு இருந்த அருள்மொழியிடம், ரோஸ்லினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் அம்மா வந்தாள்.

“நான் எடுத்ததுல தெளிவா இருந்துச்சும்மா. நீதான தூக்கின? திருப்பிப் போடு.”

“போட்டா என் வேலை போயிடும்க்கா.”

“இவளுக்கு இது கடைசி வருஷம்மா.”

அருள்மொழி நீக்கத்தை ரத்து செய்தாள். வளைவில் ரோஸ்லினின் கால் இறங்கும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். கால் கோட்டைத் தொடாததுபோல் தெரிந்தது. பெரிதாக்கினால் கோட்டின் மேலேயே இருப்பதுபோலவும் தெரிந்தது. எதை நம்புவதென்று அவளுக்குப் புரியவில்லை.

“பாத்தியா? நான் சொன்னேன்ல?” என்று அம்மா அருள்மொழியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு நடுவர்களும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

ரோஸ்லின் மட்டும் திரையைப் பார்க்கவே இல்லை.