உள் தாழ்ப்பாள்

"இன்னும் கீழயா பாப்பா?" என்று கேட்டார் தச்சர் நல்லையா.

ஸவாஹிரா தலையாட்டினாள்.

முதலில் அவள் நெஞ்சுக்கு நேராகத்தான் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தார். அவள் விரலால் கீழே காட்டினாள். இடுப்புக்குக் கொண்டுவந்தார். அப்போதும் விரல் கீழே பார்த்தது.

"நீ குனிஞ்சுல்ல தொறக்கணும்?"

அவள் விரலை எடுக்கவில்லை. நல்லையா அவள் காட்டிய இடத்தில் கரியால் கோடு போட்டார். எட்டு வயதுப் பிள்ளையின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டார்.

பதுளையில், பசறை ரோட்டோரம் இருந்த அவருடைய பட்டறை முற்றத்தில் அந்தப் புது மாட்டு வண்டி மாடில்லாமல் நின்றது. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம். அதற்கு இப்பால் தோட்டங்களுக்குப் போவதெல்லாம் வண்டிகள்தான்.

வண்டி ஸவாஹிராவின் வாப்பா மொஹிதீனுடையது. லுணுகலை வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய் தேத்தண்ணியும் ரொட்டியும் விற்பவர். முன்பாதியில் குடும்பம் படுக்கும். பின்பாதி அடுப்படி. அடுப்பைச் சுற்றித் தகரம் அடித்து, சட்டிகள் உருளாமல் பலகையில் வட்டம் வட்டமாகக் குடைந்திருந்தார்கள். மனைவி றஷீனா ஒவ்வொரு சட்டியாகக் கொண்டுவந்து வைத்து அளவு கொடுத்திருந்தாள்.

பின்கதவுதான் நல்லையாவை உட்கார விடவில்லை.

அது மேல்நோக்கித் திறக்க வேண்டும். திறந்தால் மழைக்குக் கூரையாக நிற்க வேண்டும். அதைவிட, சின்னக் கை தள்ளினாலும் திறக்க வேண்டும் என்றார் மொஹிதீன். பலாப்பலகைக் கதவு, பெரிய ஆளுக்கே பாரம். கடைசியில் கிணற்றுக் கப்பி ஒன்றை வாங்கிக் கூரையில் பொருத்தி, கயிற்றின் ஒரு நுனியைக் கதவிலும் மறு நுனியை ஒரு கல்லிலும் கட்டினார்கள். விரலால் தொட்டால் போதும், கதவு தானாக மேலே போனது.

பின்கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் எதற்கு என்று நல்லையா கேட்கவில்லை. ஊரில் பேசிய கதை அவர் காதிலும் அரைகுறையாக விழுந்திருந்தது.

போன மாரியில், நமுனுகுல ஏற்றத்தில், மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு மொஹிதீனும் றஷீனாவும் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் நெருப்பு வாங்கப் போயிருந்தார்கள். மேலேயிருந்து மண் சரிந்தது. பழைய வண்டி புரண்டு பள்ளத்தில் விழுந்தது. ஆள் ஏறி இறங்கும் முன்வாய் மண்ணுக்குள். பின்கதவின் தாழ்ப்பாள் வெளியே, வண்டிக்கு அடியில். லயத்து ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி வந்து, பலகையை வெட்டி, ஸவாஹிராவை உயிரோடு வெளியே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. எந்த வண்டியிலும் ஏறவில்லை.

இன்றும் ஏறாவிட்டால் அவளை றஷீனாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

நல்லையா தாழ்ப்பாளை ஆணியடித்து முடித்ததும் அவள் எழுந்தாள். யாரும் கூப்பிடாமலே பின்பலகையில் கால் வைத்து ஏறி அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்வாயைக் காட்டினாள். மொஹிதீன் போய்ச் சாக்கால் மறைத்தார். பின்பு கதவைக் காட்டினாள்.

"சாத்தவா மகள்?"

தலையாட்டினாள்.

அவர் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு சத்தமே இல்லை.

நமுனுகுல பக்கமிருந்து கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் மரத்தூள் காற்றில் நகர்ந்தது. மொஹிதீனின் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் உளியை எடுத்துக்கொண்டு கதவருகே போனார். றஷீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அவளே தொறக்கட்டும்."



பலகைக்கு அந்தப்புறம் ஏதோ உரசியது. அப்புறம் ஒரு குரல். கரகரத்து, பழக்கம் விட்டுப்போன குரல். ஆனால் அதில் பயமில்லை. சின்னப் பிள்ளைக்குச் சோறூட்டும்போது வருமே, அந்தப் பொறுமை இருந்தது.

"இங்க பாரு ஷுக்ரி. ஒனக்கு எட்டுற மாதிரித்தான் வச்சிருக்கு. கைய இதுல வை. ம்... இப்ப தள்ளு."

நல்லையா மொஹிதீனைப் பார்த்தார்.

"உள்ள யாருகிட்டங்க நானா பேசுது புள்ள?"

மொஹிதீன் உளியைக் கீழே வைத்தார். வீட்டில் யாரும் சொல்லாமல் வைத்திருந்த பெயர் அது.

"தம்பிகிட்ட," என்றார். "மூணு வயசு. அன்னைக்கு அவனும் உள்ள இருந்தான். ரெண்டு பேருமா எவ்வளவு நேரம் அந்தப் பலகையத் தட்டினாங்களோ. நாங்க வெட்டித் தொறக்கிறப்போ இவ மட்டுந்தான் தட்டிட்டு இருந்தா."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு மெல்ல மேலே எழும்பியது.

ஸவாஹிரா இறங்கி வந்தாள். உம்மாவிடம் ஓடவில்லை. திரும்பி நின்று கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கல் கட்டிய கதவு, யாரும் பிடிக்காமலே நிற்கும். இருந்தும் பிடித்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளை பலகையைப் பற்றி, காலைத் தொங்கவிட்டு, நிலம் தேடி இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

றஷீனா போய்க் கதவின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.