பச்சடிக்குப் போன முள்ளங்கி

எங்கள் வீட்டுக் காய் நறுக்கும் பலகை சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. நம்பினால் எனக்குத்தான் சங்கடம்.

படியேறினாலே எனக்கு மூச்சு வாங்கிய சமயம் அது. ரத்தம் குறைவு, பீட்ரூட் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். பலகைமேல் தோல் சீவிய பீட்ரூட்டும், சாம்பாருக்காகச் சீவிய முள்ளங்கியும் கிடந்தன. என் மனைவி செண்பகவல்லி போன் பேசப் போயிருந்தாள்.

"பொரியல், அல்வா, பச்சடி, எதில் போட்டாலும் நான்தான் ராஜா. என்னைத் தின்றால் கிழவனுக்கும் கன்னம் சிவக்கும்" என்றது பீட்ரூட்.

"கொடுத்து வைத்தவர் அண்ணே" என்றது முள்ளங்கி. "இந்த வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறார். சாம்பாரில் போட்டாலும் தட்டோரம் ஒதுக்குகிறார். ஒரு தடவையாவது என்னை ருசித்துச் சாப்பிட மாட்டாரா?"

அப்போதுதான் பீட்ரூட் பக்கத்திலிருந்த துருவியைப் பார்த்தது.

"தம்பி, அந்தப் பல்லெல்லாம் எனக்கா?"

"பச்சடிக்குத் துருவத்தானே வேண்டும், ராஜா?"

"நீ போயேன். என் சாயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பூசிக்கொள்."

முள்ளங்கி சிவப்புச் சாற்றில் ஆசை தீரப் புரண்டது. பீட்ரூட் உருண்டுபோய் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்தது. போனைக் காதில் இடுக்கியபடியே வந்தவள், சிவப்பாக இருந்ததைத் துருவித் தயிரில் கலந்துவிட்டாள். நான் கிண்ணத்தை வழித்து நக்கினேன்.

போன வாரம்தான் துணிந்து பலகையைக் கேட்டேன்: "அது முள்ளங்கி என்றால், அன்று சாயங்காலம் மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினேனே, அது எப்படி?"