எட்வர்ட் பெற்ற சிறுத்தை

“கம்பெனி கேட்டுல நின்ன சிறுத்தைய நான்தான் பெத்தேன், ரெண்டே நிமிஷத்துல!” என்கிறார் மில்லிலிருந்து ஓய்வுபெற்ற எட்வர்ட். கும்மிடிப்பூண்டி டீக்கடையில் பாய்லர் ஆவிமேல் காலை வெயில் மினுங்குகிறது. எதிரில் ஜெபா; சிறுத்தைக்குப் பயந்து நேற்று பாதிவழியில் திரும்பி, சேரவேண்டிய வேலையை முதல் நாளே இழந்தவள்.

“சும்மா இரு பெரியப்பா. வால கண்ணால பாத்தேன். சூப்பர்வைசராண்டயும் அதான் சொன்னேன்.”

அவர் செல்போனை நீட்டுகிறார். அதே கேட்டில் ஏஐ வரைந்த பதினேழு சிறுத்தைகள், ஒன்று டீ குடித்துக்கொண்டு. ஊரே அதிரச் சிரிக்கிற மனிதருக்கு இன்று சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

“மொதல்ல ஒத்தச் சிறுத்தைய இப்படி வரைய வெச்சு, விளையாட்டா வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேம்மா. நானே வந்து சூப்பர்வைசராண்ட சொல்றேன்.”

லாரிப் புழுதி அடங்கும்வரை ஜெபா கிளாஸையே உருட்டுகிறாள்.

“வால்லாம் பாக்கல பெரியப்பா. உன் படத்த பாத்துதான் திரும்பினேன்.”