எட்டாவது வீடு

பதினாறு வீடுகள் கொண்ட அந்த வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் எஸ்தரும், மூச்சு இயந்திரத்தோடு படுத்திருந்த அவள் கணவன் தேவசகாயமும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். முப்பது நாளில் எட்டு வீடுகளிலாவது தண்ணீர் ஓடாவிட்டால், கணினியில் இயங்கும் அந்தக் கட்டடம் தன்னைக் கைவிடப்பட்டதாக அறிவித்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அதுதான் சட்டம். வாசலில் இருந்த மின்திரை, முப்பதாம் நாள் மாலை ஆறு மணிக் கெடுவை நோக்கி எண்ணிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் வாரியத்துக்குப் போன் செய்தாள்.

"நாங்க ரெண்டு பேர் உயிரோட இருக்கோம் சார்."

"ஒரு வீட்டை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

எஸ்தர் அழவில்லை. பூட்டிவிட்டுப் போன பதினைந்து குடும்பங்களையும் ஒவ்வொன்றாக அழைத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உங்க வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுப் போங்க. சோறு நான் போடுறேன்."

மறுநாள் ஐந்தரை மணிக்குள் ஆறு குடும்பங்கள் வந்து குளித்திருந்தன. அவள் வீட்டையும் சேர்த்தால் ஏழு. அப்போது மூன்றாம் மாடி ஏழுமலை தோளில் துண்டோடு படியேறி வந்தார். தண்ணீர் மோட்டார் போடுவதில் வந்த சண்டையால் தேவசகாயத்தோடு பத்து வருடமாகப் பேச்சு இல்லாதவர்.

"கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காத. சண்டை போட அவன் இருக்கணும்ல?"

மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வாசல் மின்திரையில் முப்பது நாள் புதிதாக எண்ணத் தொடங்கியது.

ஈரத்தலையோடு இறங்கி வந்தவரிடம் எஸ்தர் சொன்னாள்: "அடுத்த மாசமும் வந்துடுங்கண்ணே."